காணாக்கடி: மாத்திரை தினமா, தேவைக்கா? ஊசி 4 வாரமா, 6 வாரமா?

போன வாரம் காட்பாடியில் என் மருந்துக் கடைக்கு ஒரு பெண் வந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. வேலூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு ரயிலுக்குப் போகும் வழியில் சீட்டை நீட்டினார், காணாக்கடிக்கு 4 வாரத்துக்கு ஒரு முறை போடும் ஒமாலிசுமாப் ஊசிச் சீட்டு. "அண்ணா, ஏழு மாசமா ஒரு தடிப்பு கூட இல்ல. இதை ஆறு வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆக்கிட்டா என்ன? டாக்டர் யோசிச்சுட்டு வான்னு சொல்லியிருக்காரு." அவர் போன அரை மணி நேரத்தில் ஒரு பாட்டி வந்தார். "தம்பி, இந்த லிவோசெட்ரிசின தினமும் எதுக்குப் போடணும்? அரிக்கிற அன்னிக்கு ஒண்ணு போட்டா போதாதா?"

ஒருவர் பல ஆயிரம் ரூபாய் ஊசி, இன்னொருவர் சில ரூபாய் மாத்திரை. கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு அடிக்கடி?

மருந்து எழுதுவது டாக்டர் வேலை, நான் எடுத்துக் கொடுப்பவன். ஆனால் என் அக்காவுக்கு 4 வருடமாகக் காணாக்கடி, டாக்டர்கள் சொல்லும் அர்ட்டிகேரியா. குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு அவரை ஊசிக்கு அழைத்துப் போய் வருபவன் நான். அதனால் கவுன்ட்டரின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

காணாக்கடி என்ற பெயரே நம்மைக் கொஞ்சம் வழி தவற வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டது என்று நினைத்து வெற்றிலை, மிளகு, மந்திரிப்பு என்று போகிறோம். ஒரு நாள், ஒரு வாரம் வந்து போகும் தடிப்புக்கு வெளிக் காரணம் இருக்கலாம். 6 வாரத்தைத் தாண்டி, காரணமே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் தடிப்பு வேறு. அதில் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலில் உள்ள மாஸ்ட் செல்களைச் சீண்டி, அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்ட வைக்கிறது. கத்திரிக்காயையும் கருவாட்டையும் 2 வருடம் விட்டும் தடிப்பு நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பாவம், கத்திரிக்காய் மேல் தப்பில்லை.

## முடிவெடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்

முதலில் மதிப்பெண். "பரவாயில்லை", "கொஞ்சம் இருக்கு" என்பதை வைத்து யாரும் மருந்தின் இடைவெளியை மாற்ற முடியாது. இதற்கு டாக்டர்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று தினக் கணக்கு. தடிப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3. தடிப்பே இல்லையென்றால் 0, 20-க்குக் கீழே 1, 20 முதல் 50 வரை 2, அதற்கு மேலோ பெரிய பெரிய திட்டாகவோ இருந்தால் 3. ஏழு நாளையும் கூட்டினால் அதிகபட்சம் 42. ஆறு வரை நல்ல கட்டுப்பாடு, 28-க்கு மேல் கடுமை. இன்னொன்று, கடந்த 4 வாரத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டு 16-க்குப் போடும் மதிப்பெண். இதில் அதிகம் வாங்கினால்தான் நல்லது. 16 முழுக் கட்டுப்பாடு, 12-க்குக் கீழே போனால் மருந்து போதவில்லை. அக்கா வீட்டு நாள்காட்டியில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் தினமும் இரண்டு எண் இருக்கும். டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இரண்டாவது, அந்த மதிப்பெண் எத்தனை நாளாக நிற்கிறது. ஒரு நல்ல வாரத்தைப் பார்த்துக் குறைப்பதும், ஒரு கெட்ட ராத்திரியைப் பார்த்துக் கூட்டுவதும் இரண்டுமே தப்பு.

மூன்றாவது, மொத்தச் செலவு. மருந்தின் விலையோடு பஸ், ரயில், போன அரை நாள் சம்பளம், கூட வருபவரின் சம்பளம், தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டும் ஆபத்து எல்லாம் சேரும்.

நாலாவது, அடுத்த 3 மாதத்தில் என்ன வருகிறது. கல்யாணமா, பரீட்சையா, கர்ப்பமா, கோடையா. வேலூருக்கு வெயிலூர் என்று சும்மாவா பெயர்? வெயிலும் வியர்வையும் பலருக்குத் தடிப்பைக் கூட்டும். இறுக்கமான பெல்ட், ஷூ, தோளில் தொங்கும் பை ஆகியவை அழுத்தும் இடத்தில் சிலருக்குப் பல மணி நேரம் கழித்து வீங்கும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களின் உள்ளங்கால் வீக்கத்தை வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

## மாத்திரை: வந்தால் மட்டும்

மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் தடிப்பு வருகிறவருக்கு இது போதும். மற்றவர்களுக்கு இது சிக்கனம் போலத் தெரியும், அவ்வளவுதான்.

காரணத்தை நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டை வைத்துச் சொல்கிறேன். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிப்போம் இல்லையா? லிவோசெட்ரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை செய்வது அதைத்தான். ஹிஸ்டமின் வந்து உட்காரும் இடத்தில் முன்கூட்டியே துண்டு போடுகிறது. தடிப்பு வந்த பிறகு போடும் மாத்திரை, ஆள் உட்கார்ந்த சீட்டில் துண்டு போடுவது மாதிரி. இனி வரப்போகிறவருக்கு இடம் இருக்காது, ஆனால் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். "மாத்திரை போட்டும் 2 மணி நேரம் அரிச்சுது, இது வேலை செய்யல" என்று பிராண்டை மாற்றச் சொல்லி வருகிறவர்கள் பலர் இந்த வகை.

மறைந்திருக்கும் செலவு கிளினிக் ஊசியில் இருக்கிறது. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்குக் கடுமையாக வரும் ராத்திரியில் ஓடத் தோன்றும். அங்கே ஒரு அவில் ஊசி, கூடவே ஒரு ஸ்டீராய்டு. பத்து நிமிடத்தில் சொர்க்கம். என் அக்காவுக்கும் ஆரம்பத்தில் ஒரு கிளினிக்கில் வாரா வாரம் அதைத்தான் போட்டார்கள். கூடவே சின்ன வெள்ளை மாத்திரை. அடங்கும், நாலு நாளில் திரும்ப வரும். 5 மாதத்தில் சர்க்கரை ஏறி, முகம் ஊதிய பிறகுதான் எனக்கே உறைத்தது. மருந்துக் கடைக்காரன் வீட்டிலேயே இந்தக் கதை. கடுமையாக வந்தால் சில நாள் ஸ்டீராய்டு, அதிகம் போனால் 10 நாள், கொடுப்பது உண்டு. அதை மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது என்பதில் தோல் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

## மாத்திரை: தினமும் ஒன்று

வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது தடிப்பு வருகிறவருக்கு இதுதான் முதல் படி. செட்ரிசின் 10, லிவோசெட்ரிசின் 5, ஃபெக்ஸோஃபெனடின் 180, பிலாஸ்டின் 20 மி.கி. இவற்றில் ஏதாவது ஒன்று, தினமும் ஒரே நேரத்தில், 2 முதல் 4 வாரம். அதற்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பாட்டிக்கு நான் சொன்னதும் இதுதான்.

தூக்கம் வருவது மருந்துக்கு மருந்து மாறும். ராத்திரி ஷிஃப்டில் மெஷின் முன்னால் நிற்பவரும், பைக்கில் ஊர் ஊராகப் போகிறவரும் அதை டாக்டரிடம் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். ஃபெக்ஸோஃபெனடினிலும் பிலாஸ்டினிலும் கலக்கம் குறைவு. ஆனால் பிலாஸ்டினைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ 2 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். இரண்டையுமே பழச்சாறோடு விழுங்கினால் உடம்பில் சேர்வது குறையும். மருந்து கேட்கவில்லை என்று வந்த ஒருவர் காலையில் இட்லியோடு பிலாஸ்டினைப் போட்டுக்கொண்டிருந்தார். நேரத்தை மாற்றியதும் சரியானது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவருக்கு செட்ரிசின் வகையில் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு செலவு பலருக்குத் தெரியாது. செட்ரிசின் அல்லது லிவோசெட்ரிசினை மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், அரிதாகச் சிலருக்கு உடம்பெல்லாம் கடுமையான அரிப்பு வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி அதே மாத்திரைக்குப் போகிறோம். நிறுத்திய சில நாளில் தடிப்பு இல்லாமல் வெறும் அரிப்பு மட்டும் வந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைத்துப் பார்க்கச் சொல்வார்.

## மாத்திரை: தினமும், எண்ணிக்கையைக் கூட்டி

ஒன்றில் அடங்காவிட்டால், அதே மாத்திரையை 4 மடங்கு வரை கூட்டலாம் என்பது உலக அளவில் பின்பற்றும் வழிகாட்டுதல். நாலு மாத்திரை எழுதிய சீட்டைப் பார்த்துச் சில கடைகளில் "டாக்டர் தப்பா எழுதிட்டாரு" என்று ஒன்றாகக் குறைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் தொழிலின் குறை இது. கூட்டுவதும் டாக்டர் எழுதித்தான், தானாக இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு: காலையில் செட்ரிசின், மதியம் ஃபெக்ஸோ, ராத்திரி அவில் என்று கலந்து அடிப்பது. எது வேலை செய்தது, எது தூங்க வைத்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஒரே மருந்தைக் கூட்டுவதுதான் தெளிவான பாதை.

குறைக்கும் போதும் அவசரம் கூடாது. முழுக் கட்டுப்பாடு 3 மாதமாவது நின்ற பிறகு, தினசரி எண்ணிக்கையில் மாதத்துக்கு ஒரு மாத்திரைக்கு மேல் குறைக்காமல் இறங்கச் சொல்கிறார்கள் நிபுணர்கள். விலை ஒரு பொருட்டாக இருந்தால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விசாரியுங்கள்.

## ஊசி: 4 வாரத்துக்கு ஒரு முறை

கூட்டிய மாத்திரையும் தோற்றால் ஒமாலிசுமாப். 2003-இல் ஆஸ்துமாவுக்கு வந்த மருந்து. 2014-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த நோய்க்கும் அனுமதி கிடைத்தது. 12 வயதுக்கு மேல். வழக்கமான அளவு 300 மி.கி., 4 வாரத்துக்கு ஒரு முறை, தோலுக்கு அடியில். இந்த 4 வாரம் வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 26 நாள் ஆகும்.

யாருக்கு இது சரி? ஊசி தொடங்கி 6 மாதம் ஆகாத எல்லோருக்கும். சிலருக்கு முதல் ஊசியிலேயே ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு மாதங்கள் ஆகும். ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்புப் புரதம்) அளவு குறைவாக உள்ளவர்கள் பெரும்பாலும் இந்த மெதுவான வகை. இரண்டு ஊசியில் வேலை செய்யவில்லை என்று விட்டவர்கள், பொறுத்திருந்தால் பலன் பார்த்திருக்கலாம்.

மறைந்த செலவு நிறைய. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எங்கள் கடையில் ஐஸ் பேக் போட்டுத்தான் தருகிறேன். ஆனால் மே மாத மதியம் அந்தப் பையோடு கடை கடையாகச் சுற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் வீண். பவுடர் வடிவத்தில் வாங்கினால் கரையவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊசிக்குப் பிறகு ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க முதல் சில முறை 2 மணி நேரம் வரைகூட உட்கார வைப்பார்கள், பிறகு அரை மணி. ஆக ஒரு ஊசி என்றால் பாதி நாள் போய்விடும். மருத்துவக் காப்பீடு இருக்கிறவர்கள், உள்நோயாளியாகச் சேராமல் போடும் ஊசிக்குப் பணம் தருவார்களா என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஊசி: இடைவெளியைக் குறைத்து

இங்கே நாள்காட்டிதான் ராஜா. ஊசி போட்டு 3 வாரம் சுத்தமாக இருந்து, நாலாவது வாரம் மட்டும் தடிப்பு தலை காட்டுகிறதா? மருந்து வேலை செய்கிறது, ஆனால் முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது. 3 வாரம், தேவைப்பட்டால் 2 வாரம் என்று நெருக்குவது இவர்களுக்குப் பொருந்தும். அப்படி இல்லாமல் நாலு வாரமும் ஒரே மாதிரி அரிக்கிறது என்றால் பிரச்சினை அளவில் இருக்கலாம். ஒரு முறைக்கு 600 மி.கி. வரை கூட்டிப் பார்ப்பதும் வழிகாட்டுதலில் உண்டு. இரண்டு வழியுமே மருந்துப் பெட்டியில் அச்சிட்ட அளவைத் தாண்டியவை என்பதால் டாக்டர் நன்றாகப் பார்த்துத்தான் எழுதுவார்.

செலவு? 4 வாரத்தை 2 ஆக்கினால் மருந்து மட்டுமா இரட்டிக்கும், லீவும் இரட்டிக்கும். அதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள்: மூட்டு வலி, மாதவிலக்கு வலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போடுகிறீர்களா? இந்த நோய் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு இவை தடிப்பைக் கிளப்பும். ஊசியைக் கூட்டுவதற்குப் பதில் வலி மாத்திரையை மாற்றினாலே போதும் என்று ஆனவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். (இதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

6 மாதம் பார்த்தும் பலன் இல்லையென்றால் அடுத்தது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் விடாமல் பார்க்க வேண்டிய மருந்து. புதிதாக டுபிலுமாப் என்ற 2 வார ஊசிக்கும், தினம் இரண்டு வேளை போடும் ரெமிப்ரூடினிப் மாத்திரைக்கும் 2025-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இடைவெளிக் கணக்கு இனி இன்னும் குழம்பும் என்று நினைக்கிறேன்.

## ஊசி: இடைவெளியை நீட்டி

ஆம்பூர்ப் பெண்ணின் கேள்வி இதுதான். பல நிபுணர்கள் சொல்லும் முறை: முழுக் கட்டுப்பாடு 6 மாதமாவது நின்ற பிறகு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வாரம் கூட்டுவது. 4, 5, 6, 7, 8. 8 வாரத்திலும் ஒன்றும் வரவில்லையென்றால் நிறுத்திப் பார்ப்பது. வழியில் எங்கே தடிப்பு எட்டிப் பார்க்கிறதோ, அதற்கு முந்தைய இடைவெளிக்குத் திரும்புவது.

நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு நன்றாக இருந்த ஒரு மார்ச் மாதம், பணத்தைப் பார்த்து, டாக்டரிடம் கேட்காமல் 4 வாரத்திலிருந்து நேராக 8 வாரத்துக்குத் தாவினோம். ஆறாவது வாரம் உதடு வீங்கியது. அது அக்னி நட்சத்திரம் சமயம். நோய் திரும்பியதா, வெயிலா, இடைவெளியா, மூன்றுமா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுபடி அடங்க 3 ஊசி ஆனது. மிச்சம் பிடித்ததை விட அதிகம் போனது. ஒரு வாரம் ஒரு வாரமாகப் போயிருந்தால் 5 வாரம் தாங்கும், 6 தாங்காது என்றாவது தெரிந்திருக்கும். இரண்டாவது தடவை ஐப்பசியில் தொடங்கினோம். இப்போது 6 வாரத்தில் நிற்கிறார்.

## நிறுத்திப் பார்ப்பது

இது ஆயுள் தண்டனை இல்லை. பலருக்கு 2 முதல் 5 வருடத்தில் தானாகவே அடங்கிவிடும், சிலருக்கு அதற்கு மேலும் போகும். அடங்கியதா என்று தெரிய நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் சீக்கிரம் நிறுத்துவதன் விலையும் தெரிய வேண்டும். ஒரு ஆய்வில் 24 வாரம் ஊசி போட்டு நன்றாக இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அடுத்த 24 வாரம் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டார்கள். அவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு நோய் மறுபடி மோசமானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அது சுமார் 21 சதவீதம். ஆறுதல் என்னவென்றால், திரும்ப வந்தவர்களுக்கு மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் கேட்கிறது.

| வழி | யாருக்கு நல்லது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|
| மாத்திரை, வந்தால் மட்டும் | மாதத்தில் ஓரிரு நாள் வருபவருக்கு | ராத்திரி கிளினிக், ஸ்டீராய்டு |
| தினமும் ஒன்று | வாரத்தில் பல நாள் வருபவருக்கு | தூக்கக் கலக்கம், திடீரென நிறுத்தினால் அரிப்பு |
| 4 மடங்கு வரை | ஒன்றில் 2–4 வாரம் பார்த்தும் அடங்காதவருக்கு | பட்டை பட்டையாக மாத்திரை, பகல் மந்தம் |
| ஊசி, 4 வாரம் | மாத்திரை தோற்றவருக்கு, முதல் 6 மாதம் | பாதி நாள், ஐஸ் பேக் |
| ஊசி, 2–3 வாரம் | கடைசி வாரம் மட்டும் திரும்ப வருபவருக்கு | 2 வாரம் என்றால் எல்லாமே இரட்டிப்பு |
| ஊசி, 5–8 வாரம் | 6 மாதம் சுத்தமாக இருந்தவருக்கு, கோடை இல்லாத காலத்தில் | திரும்ப வந்தால் அடக்கும் ஊசிகள் |
| நிறுத்துவது | 8 வாரமும் தாங்கியவருக்கு | மறுபடி முதலிலிருந்து |

இந்தக் கணக்கு எதிலும் சேராத சிலது உண்டு. நாக்கு, தொண்டை வீங்கி மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ இடைவெளி பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நின்று, வலித்து, கன்றிப்போன மாதிரி கறுத்தால் அது வேறு நோயாக இருக்கலாம். தடிப்பே இல்லாமல் உதடும் முகமும் மட்டும் வீங்கினால், பிரஷருக்கு எனாலாப்ரில், ராமிப்ரில் போடுகிறீர்களா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் எதையும் தானாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம்.

ஆம்பூர்ப் பெண்ணிடம் நாள்காட்டி இருக்கிறதா என்று கேட்டேன். போனில் குறித்து வைத்திருந்தார். 7 மாதமும் பூஜ்யம்தான், தீபாவளி வாரம் மட்டும் ஒரு 4. "அன்னிக்கு என்ன?" என்றேன். பல் பிடுங்கியதற்கு வலி மாத்திரை போட்டாராம். சரி, அதை டாக்டரிடம் காட்டுங்கள், 6 வாரம் என்று கேட்காமல் 5 வாரம் என்று கேளுங்கள் என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். 4 வாரம் என்றால் வருடத்துக்கு 13 முறை, 5 வாரம் என்றால் 10 அல்லது 11. "அப்போ ரெண்டு மூணு நாள் லீவு மிச்சம்ண்ணா," என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினார்.